எல்லா முகமும் தெரிகிற மேஜை

ஜூலை 29

வாயாடிக்கு,

இன்று காலை அம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பல்கலைக்கழக விடுதியில் நீ இடம் வாங்கிவிட்டாயாம். மூன்றாவது மாடியாம், ஆறு பேர் சேர்ந்து இருக்கிற பகுதியாம். "உனக்குத் தெரியும்னுல நெனச்சேன்" என்றாள் அம்மா. நானும் தெரிந்த மாதிரியே "ஆமாம்மா" என்று சொல்லி வைத்தேன். அப்போது ஒரு பல் செட்டுக்கு மெழுகில் பற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், இடப்பக்கக் கடைவாய்ப் பல் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "இத மாட்டினா அந்த மனுஷன் மாடு மாதிரி அசைபோட வேண்டியதுதான்" என்றாள். லேப் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் நான் எதற்கு வீடு மாறினேன் என்று நினைக்கிறாய்? ஒருத்திக்கு எதற்கு இரண்டு படுக்கையறை? உன் அறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வாசலில் மணியடித்தால் உன் அறையில் விளக்கு எரிகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். இப்போது யார் மணியடித்தாலும் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து அணைகிறது. பேப்பர் போடுகிறவருக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. சும்மாவே இரண்டு தடவை அடிக்கிறார்.

இந்த வீட்டிலிருந்து நீ படிக்கப்போகும் இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கி இத்தனை வருஷம், வாத்தியார் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் சாயங்காலம் உனக்குப் பாடத்தை யார் திருப்பிச் சொன்னது? கடையில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டுக் கூச்சலில், "என்ன சொன்னாங்க?" என்று நீ யார் கையைப் பிடித்து இழுத்தாய்? காது மெஷின் இரண்டையும் கழற்றிவிட்டால் பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் உனக்குக் கேட்காது. உன்னைத் தெரியாத ஐந்து பெண்களோடு போய் இருக்கப்போகிறாய்.

நேரில் கேட்டால் மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சண்டையில் ஜெயித்துவிடுவாய். போனில் உனக்குப் பாதிதான் விளங்கும். மெசேஜில் "ம்" என்று ஒற்றை எழுத்துப் போடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் எழுது. முழு வாக்கியமாக எழுது.

அக்கா


ஆகஸ்ட் 2

பல்லக்கா,

சொல்லாமல் செய்தது தப்புதான். சொல்லியிருந்தால் செய்ய விட்டிருக்க மாட்டாய். அதனால் சொல்லவில்லை. மூன்றும் முழு வாக்கியம், எண்ணிக்கொள்.

மே மாதம் எங்களை விடுதி சுற்றிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் பழைய கட்டடம். அறைக்கு இரண்டு பேர். வகுப்புக்கு ஓடிப்போய்விடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறதே, உயரமான கூரை, கல் தரை, ரயில் மாதிரி நீளமான மேஜைகள். உள்ளே போனதும் தட்டுச் சத்தம், நாற்காலிச் சத்தம், இருநூறு பேர் பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மெஷினுக்குள் இறங்கியது. மண்டைக்குள் யாரோ கரண்டி போட்டுக் கிளறுகிற மாதிரி இருந்தது. எதிரே உட்காருகிறவள் முகம் தெரியும். பக்கத்தில் இருக்கிறவள் காது மட்டும்தான் தெரியும். எனக்கு அவள் காது எதற்கு? என் காதே போதாதா?

அடுத்தது புதுக் கட்டடம். ஆளுக்குத் தனி அறை, தனிக் குளியலறை. ஹோட்டல் மாதிரி பளபள என்று இருந்தது. நாங்கள் சுற்றிய நேரம் முழுக்க ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அங்கே இருந்தால் எனக்குக் காது கேட்காது என்பது யாருக்கும் தெரியவே தெரியாது. ஏனென்றால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது.

மூன்றாவது இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. லிஃப்ட் பாதி நாள் ஓடாதாம். ஆறு பேருக்கு ஆறு சின்ன அறைகள், நடுவில் ஒரு சமையலறை. அந்தச் சமையலறையில் ஒரு வட்ட மேஜை. தாழ்வான கூரை, துணித் திரை, மேஜைக்கு நேர் மேலே விளக்கு. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் மற்ற ஐந்து முகத்திலும் வெளிச்சம் விழும். நான் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தேன். கூட்டிக்கொண்டு போன சீனியர் பெண், "எல்லாரும் பாத்ரூமைத்தான் பாப்பாங்க, நீ என்ன நாற்காலியப் பாக்குற?" என்றாள். அவள் சொன்ன அத்தனை வார்த்தையும் எனக்குக் கேட்டது அக்கா. யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். உன் வீடு நல்ல வீடுதான், சந்தேகமில்லை. ஆனால் உன் வீட்டில் எனக்கு ஏற்கெனவே எல்லாம் கேட்கும். கேட்காத இடத்தில் கேட்க வைக்க நான் எப்போதுதான் பழகுவது?

உன் தங்கை


ஆகஸ்ட் 9

வாயாடி,

மேஜையைப் பார்த்து வீடு எடுத்த முதல் ஆள் நீதான்.

சரி, போ. நான் தடுத்து நீ எப்போது நின்றிருக்கிறாய்? ஒன்றே ஒன்று சொல்கிறேன். மேஜை நல்ல மேஜையாகவே இருக்கட்டும். அதைச் சுற்றி உட்காரப்போவது யார் என்று உனக்குத் தெரியாது. முதல் வாரம் எல்லோரும் அன்பாக இருப்பார்கள். ஒரு மாதம் கழித்து, "ஒண்ணுமில்ல, விடு, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. பள்ளிக்கூடத்தில் உனக்கு அப்படித்தான் நடந்தது. நீ மறந்திருக்கலாம். பக்கத்தில் நின்றவள் நான், எனக்கு மறக்கவில்லை.

மெஷினுக்குப் பேட்டரி இரண்டு அட்டை அதிகமாகவே எடுத்துவை. விடுதியில் இறங்குகிற அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது. வர முடியாது.

அக்கா


செப்டம்பர் 14

பல்லக்கா,

நீ வரவில்லை. பரவாயில்லை. பெட்டியை மூன்று மாடி நானே தூக்கினேன். லிஃப்ட் ஓடாத பாதி நாளில் ஒன்று அன்றைக்கு வந்துவிட்டது.

முதல் நாள் சாயங்காலமே எல்லோரையும் மேஜைக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு இரண்டு மெஷினையும் கழற்றி நடுவில் வைத்தேன். "இது இல்லாம எனக்கு ஒண்ணும் கேக்காது. இது இருந்தாலும், முகத்தப் பாத்தாத்தான் புரியும். என்கிட்ட பேசணும்னா மொதல்ல மேஜையத் தட்டுங்க. நான் திரும்பினதும் பேசுங்க. ஒருத்தர் பேசி முடிச்சதும் அடுத்தவங்க பேசுங்க. 'ஒண்ணுமில்ல விடு'ன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மெஷின் இல்லாததால் என்ன சத்தத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. கீழ் மாடிக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது.

எதிர் அறைக்காரியை நெட்டை என்று கூப்பிடுகிறோம். கதவில் குனிந்துதான் நுழைவாள். அவள்தான் முதலில் மேஜையைத் தட்டினாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று பார்த்தால், "சர்க்கரை எங்க இருக்கு?" என்றாள். பக்கத்து அறைக்காரி பாட்டுக்காரி. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டே பிறந்தவள் போலிருக்கிறது. என்னைவிட அவளைக் கூப்பிடுவதுதான் கஷ்டம். மற்ற மூன்று பேரில் ஒருத்தி எப்போதும் கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவாள். முன்பல் கோணல் என்று அவளுக்கு வெட்கம். நீ செய்யும் வேலையைச் சொன்னேன். கையை எடுத்துவிட்டு உன்னைப் பற்றி நிறையக் கேட்டாள்.

தட்டுவதற்கு இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் இல்லாதபோதும் தட்டிவிட்டுத்தான் பேசுகிறார்களாம். வேதியியல் வகுப்பில் முன் வரிசையில் இடம் பிடித்திருக்கிறேன். எல்லாம் நன்றாகப் போகிறது.

தங்கை


செப்டம்பர் 26

எல்லாம் நன்றாகப் போகிறதா?

இன்று உங்கள் வார்டன் எனக்குப் போன் செய்தார். அவசரத்துக்குக் கூப்பிட என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாய், அந்த மட்டுக்கும் சந்தோஷம். போன வாரம் பகலில் தீ ஒத்திகை நடந்ததாம். மணியடித்ததும் கட்டடம் முழுக்கக் கீழே இறங்கிவிட்டதாம். தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது. அவர் மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறிப்போய்த் திறந்து பார்த்தால், நீ மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். "நெஜமாவே தீப்பிடிச்சிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?" என்று என்னைக் கேட்கிறார். அவர் பேசி முடித்து வெகுநேரம் போன் என் காதிலேயே இருந்தது.

தரைத்தளத்தில், அவருடைய ஆபீஸை ஒட்டி உன்னைப் போன்றவர்களுக்கென்றே ஓர் அறை இருக்கிறதாம். அங்கே மாறச் சொன்னால் மாட்டேன் என்கிறாயாம். உன் ஐந்து தோழிகளும் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்? மேஜையைத் தட்டத் தெரிந்தவர்களுக்கு உன் கதவைத் தட்டத் தெரியவில்லையா?

சாமான்களைக் கட்டி வை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்துக்கொண்டு வருகிறேன்.

அக்கா


செப்டம்பர் 28

அக்கா,

வராதே.

முதலில் அந்த ஐந்து பேரையும் விட்டுவிடு. அது வகுப்பு நேரம். பாட்டுக்காரியைத் தவிர யாரும் அறையில் இல்லை. நான் உள்ளே இருந்தது அவளுக்குத் தெரியாது. காலையில் நாலு மணி நேரம் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் தலையும் விண்விண் என்று தெறிக்கும். அதனால் மத்தியானம் படுத்தேன். கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் வார்டன் நிற்கிறார். பயந்துதான் போனேன். அதை உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ வண்டி பிடிப்பாய் என்று தெரியும்.

அந்தத் தரைத்தள அறையைப் போய்ப் பார்த்தேன். நல்ல அறைதான். தலையணைக்கு அடியில் வைக்க வட்டமாக ஒரு கருவி இருக்கிறது. மணியடித்தால் அது கட்டிலையே உலுக்குகிறது. கூரையில் ஒரு விளக்கு வெட்டி வெட்டி மின்னுகிறது. ஆனால் சமையலறை கிடையாது. அக்கம்பக்கம் யாரும் கிடையாது. ஒரு பக்கம் ஆபீஸ், இன்னொரு பக்கம் துடைப்பம் வைக்கிற இடம்.

நேற்று விடுதி அலுவலகத்துக்குப் போனேன். தனியாகத்தான். அங்கே இருந்த அதிகாரியம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். "மேடம், கொஞ்சம் என்னப் பாத்துப் பேசுங்க. அப்பத்தான் எனக்குப் புரியும்" என்றேன். திரும்பினார்கள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம். அந்த ரூம்ல எல்லா வசதியும் இருக்கு."

"வசதி ரூம்ல இல்ல மேடம், அந்தக் கருவியில இருக்கு. அதக் கழட்டி மேல மாட்ட முடியாதா?"

"அது அந்த ரூமுக்குன்னு வாங்கினது."

"அந்த ரூமுக்குக் காது கேக்கும் மேடம். எனக்குத்தான் கேக்காது."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மறுப்பது கஷ்டம், உனக்குத் தெரியாதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அரை நாள் வேலை" என்றார் அவர். என் அறையில் மாட்டச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வார்டன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அடுத்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு ஒத்திகை வைப்பாராம். அதில் நான் எல்லோரோடும் கீழே வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் தரைத்தளம். சரி என்று கை கொடுத்துவிட்டேன்.

எனக்கு அந்த ஒரு தடவை வேண்டும் அக்கா. தோற்றால் நானே உனக்குப் போன் செய்கிறேன். துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதைவிட உன்னோடு இருக்கலாம்.

தங்கை


அக்டோபர் 1

வாயாடி,

வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கருவியைப் படுத்துப் பார்த்துச் சோதித்தாயா? தலையணை கனமாக இருந்தால் அதிர்வு தெரியாமல் போகலாம். மெல்லிசான தலையணை ஒன்று அனுப்பியிருக்கிறேன். துடைப்பத்தைவிடத் தேவலை என்று என்னைச் சொன்னதற்கு நன்றி.

அக்கா


அக்டோபர் 19

என் பல்லக்கா,

இன்று நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. குளித்துவிட்டு மெஷினை மாட்டாமல் படுத்து ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலைக்கடியில் யாரோ மோட்டார் போட்ட மாதிரி கட்டில் உதறியது. கூரையில் மின்னல். எழுந்த வேகத்தில் செருப்பை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். நெட்டை என் கதவைத் தட்டக் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். அந்த அடி என் நெற்றியில் விழுந்தது. வீக்கம் இருக்கிறது, பரவாயில்லை.

நெட்டையும் மற்ற மூன்று பேரும் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எண்ணினேன். என்னோடு சேர்த்து ஐந்து. பாட்டுக்காரியைக் காணோம். ஓடிப்போய் அவள் கதவைத் தள்ளினேன். பூட்டவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டடமே அலறுகிறது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹெட்ஃபோனைப் பிடுங்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன்.

கீழே வார்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கழுத்தில் தொங்கிய ஒயரைப் பார்த்தார். "ரெண்டு காதும் நல்லா இருக்கிற பொண்ண நீ கூட்டிட்டு வர்றியா?" என்றார். முகத்தை எனக்கு நேராக வைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அதிலேயே தெரிந்துவிட்டது. அறை எனக்குத்தான்.

இப்போது இன்னொரு விஷயம். ஜெயித்த கையோடு எழுதிவிடுகிறேன், நாளைக்கு என்றால் தைரியம் இருக்காது.

ஏப்ரலில் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது, கொல்லையில் நின்று உன் மேனேஜரோடு போனில் பேசினாய். நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடி வழியாக உன் வாய் தெரிந்தது. வேறு ஊரில் திறக்கும் புதுக் கிளைக்கு உன்னைத் தலைமையாகப் போகச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. "என் தங்கச்சி இருக்கா, என்னால வர முடியாது" என்று நீ சொன்னாய். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அதனால்தான் உன் வீட்டுக்கு வரவில்லை. மேஜையும் உண்மைதான், ஆனால் மேஜைக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். என்னால் உன் வேலை நிற்கக் கூடாது. இப்போது நான் தனியாக இருப்பேன் என்று காட்டியாகிவிட்டது. நீ போ.

தங்கை


அக்டோபர் 24

வாயாடி,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பாட்டுக்காரியை நீ இழுத்துக்கொண்டு வந்ததைப் பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னேன். அவள் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் தடுக்கவில்லை.

ஆனால் நீ படித்தது பாதிதான். உதட்டைப் படிக்கிறவர்களுக்கு மிச்சப் பாதியை நான்தானே எப்போதும் சொல்லித் தருவேன்? இதையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

"என் தங்கச்சி இருக்கா, என்னால வர முடியாது" என்று சொன்னேன். பிறகு வெயில் கண்ணில் அடித்தது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்து நான் சொன்னது உனக்குத் தெரிந்திருக்காது. "அவ இந்த வருஷம் அங்க படிக்க வர்றா சார். அவளோட ஒரே வீட்ல இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் தியாகி இல்லையடி. உனக்காக ஒன்றையும் விடவில்லை. மூன்று வருஷமாக இந்த ஊரில் வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். நீ வருவாய், என் கையைப் பிடித்து இழுத்து "என்ன சொன்னாங்க?" என்று கேட்பாய் என்று காத்திருந்தேன். உன் பக்கத்தில் நிற்கும்போதுதான் நான் கெட்டிக்காரி. மற்ற இடத்தில் பல் செய்கிறவள், அவ்வளவுதான். நீ விடுதிக்குப் போகிறாய் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. உனக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அதில் பாதி. இனி நான் எதற்கு என்பது மிச்சப் பாதி.

இதை நேரில் சொல்ல எனக்கு வராது. எழுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வண்டி இல்லாமல், பஸ்ஸில்.

அக்கா


அக்டோபர் 25

அக்கா,

வா.

இதுவும் முழு வாக்கியம்தான்.

தங்கை


நவம்பர் 16

வாயாடி,

உங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நெட்டை ஏதோ சொன்னாள். பழக்க தோஷத்தில் நான் உன் பக்கம் திரும்பி அதையே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ அவளுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டாய். திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு ரொட்டித் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து பாட்டுக்காரி என் முன்னால் மேஜையைத் தட்டினாள். எனக்குத்தான் காது கேட்குமே, எதற்குத் தட்டுகிறாள் என்று பார்த்தேன். "நீங்க ஒண்ணுமே பேசலயேக்கா" என்றாள். என்னிடம் பேசுவதற்காக ஒருத்தர் தட்டியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு நான் பேசின பேச்சு உனக்கே தெரியும். கோணல் பல்காரிக்கு வைத்தியமே சொல்லிக் கொடுத்துவிட்டேன். கடைசி பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தேன்.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். அந்தக் கிளைக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். போகிறேன் என்றேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை மட்டும் பார்க்க என்னால் ஆகாது, எனக்கும் ஒரு வேலை மேஜை வேண்டும் என்றேன். சம்மதித்துவிட்டார். ஜனவரியில் சேர வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்கிற இடம். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்து இப்போதே கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறேன்.

போன சனிக்கிழமை அந்த ஊருக்குப் போய் மூன்று வீடு பார்த்தேன். முதல் வீடு லேபுக்குப் பக்கம், இரண்டு படுக்கையறை, ஒன்று கொஞ்சம் இருட்டு. இரண்டாவது பெரிய வீடு, பின்னறை அமைதியாக இருக்கிறது, நீ விடுமுறையில் வந்தால் படிக்க வசதி. மூன்றாவது பஸ் நிலையத்தை ஒட்டியது, நீ வந்து இறங்கினால் நடந்தே வந்துவிடலாம், உன் அறைக்குத் தனி வாசல்கூட இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விடுதி தேர்ந்தெடுத்தவள் நீதானே, எதை எடுக்கலாம் சொல்.

அக்கா


நவம்பர் 18

பல்லக்கா,

மூன்றும் வேண்டாம்.

நீ எழுதியதை நீயே இன்னொரு தடவை படித்துப் பார். மூன்று வீட்டிலும் நான் எங்கே படுப்பேன், எங்கே படிப்பேன், எந்த வாசலில் நுழைவேன் என்று எழுதியிருக்கிறாய். நீ எங்கே உட்கார்ந்து டீ குடிப்பாய் என்று ஒரு வரி இல்லை. உனக்குத் தெரியாது, நீ பார்க்கவில்லை.

இன்னொரு தடவை போ. இந்தத் தடவை ஓர் ஆளுக்கு வீடு பார். ஒரு படுக்கையறை போதும். உள்ளே போனதும் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார், வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வாசலில் நின்று அக்கம்பக்கத்துக் கதவு திறக்கிறதா என்று பார். எந்த இடத்தில் எழுந்திருக்க மனசு வரவில்லையோ அதை எடு.

நான் விடுமுறைக்கு வந்தால் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

தங்கை